பன்றிக் கொழுப்பும் பிண்ணாக்குக் கணக்கும்

(நமது பங்காருப்பேட்டை நிருபர்)

மாரிகுப்பத்தில் கிளம்பும் காலை வண்டி சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டைக்கு வந்து சேரும்போது உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலில் பல ஆயிரம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போடுவது பெங்களூர்தான். விடியுமுன் வண்டி ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிழைப்பு அது.

இந்த ஓட்டம் வேண்டாம், ஊரோடு இருந்து பிழைப்போம் என்று சிலர் ஏதாவது ஒரு தொழிலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கறவை மாடு வாங்குகிறார்கள். கோழி வளர்க்கிறார்கள். வெண்பன்றி வளர்க்கிறவர்களும் உண்டு. தங்கவயலில் பன்றிக் கறிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் பன்றி வளர்த்தவர்களில் பலர் ஒரே புகாரைச் சொல்கிறார்கள். "பன்றி நன்றாகத்தான் பெருத்தது. கறிக்கடைக்காரர்தான் கொழுப்பு என்று சொல்லி விலையைக் குறைத்துவிட்டார்."

இந்தப் புகாரில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? கொழுப்பு எங்கிருந்து வருகிறது? இதைப் பற்றி விசாரிக்க வேண்டிய கட்டாயம் எனக்கே ஏற்பட்டது. அதற்குக் காரணம் என் மைத்துனர்.

கூட்டுறவுக் கடனும் பத்துக் குட்டிகளும்

அவர் ஒயிட்பீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வேலை போயிற்று. "மாமா, இனிமே ரயில் ஏற மாட்டேன், பன்னி வளர்க்கிறேன்" என்றார். ரயில்வே ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் என் பெயரில் கடன் வாங்கிக் கொடுத்தேன். குத்தகை நிலத்தில் கொட்டகை எழுந்தது. யார்க்ஷயர் கலப்பில் பத்துக் குட்டிகள் வந்து சேர்ந்தன. மாதாமாதம் என் சம்பளச் சீட்டில் பிடித்தமும் தொடங்கிற்று.

குட்டிகளுக்கு முதல் மூன்று மாதம் தவிடும் கழுநீரும்தான். கையில் பணமில்லை. அதன் பிறகு ஓர் ஓட்டலில் மிச்சச் சாப்பாடு எடுக்க ஏற்பாடாயிற்று. சோறு, சாம்பார், பூரி, வடை, பொரித்த எண்ணெயின் அடிக்கசடு என்று தினம் இரண்டு பீப்பாய் வரும். பன்றிகள் ஆவலாகத் தின்றன. "மாமா, வந்து பாருங்க, ஒவ்வொண்ணும் எப்படிக் கொழுத்திருக்குது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் சந்தோஷம்.

பதினோரு மாதம் ஆனபோது ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல் நின்றது. பெங்களூரிலிருந்து கறிக்கடைக்காரர் வந்தார். முதலில் ஒன்றை அறுத்தார். முதுகில் தோலுக்கும் கறிக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று கொழுப்பு. என் பையனின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். நாலரை சென்டிமீட்டர். "தம்பி, இது கறி இல்லை, நெய் டின்" என்று சொல்லிவிட்டு, மீதி ஒன்பதுக்கும் விலையைக் குறைத்தார். மைத்துனர் சண்டை போட்டுப் பார்த்தார். பயனில்லை. வீட்டுக்குக் கொண்டு போகிறவன் கறிக்குக் காசு கொடுப்பானே தவிர, வாணலியில் உருகி ஓடும் கொழுப்புக்குக் கொடுப்பானா? கடைக்காரரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. பன்றியை விற்று வந்த பணம் போட்ட முதலுக்கே சரியாக இல்லை.

கொழுப்பு கிடங்கில் தங்கும் சரக்கு

இதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு பிண்ணாக்கு வைத்தீர்கள்?" என்பது. மைத்துனர் விழித்தார். பிண்ணாக்கு விலை அதிகம் என்று அவர் அதை வாங்கவே இல்லை.

மருத்துவர் விளக்கியதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். தீவனத்தில் இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று சக்தி. சோறு, சோளம், கேழ்வரகு, எண்ணெய் எல்லாம் சக்தி தருபவை. மற்றொன்று புரதம். பிண்ணாக்கு, மீன் தூள், பருப்பு ஆகியவற்றில் இருப்பது. பன்றி கறியாக வளர வேண்டுமானால் புரதம் வேண்டும். சக்தி என்பது சரக்கு. புரதம்தான் அதை ஏற்றிப் போகும் வண்டி. சரக்கு நிறைய வந்து வண்டி குறைவாக இருந்தால் என்ன ஆகும்? மிஞ்சிய சரக்கு பார்சல் கிடங்கில் தங்கும். பன்றிக்குக் கிடங்கு முதுகுத் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே தங்குவதுதான் கொழுப்பு.

எனவே "எண்ணெய்ப் பண்டம் தின்றதால் கொழுப்பு வந்தது" என்பது பாதி உண்மைதான். எண்ணெயே இல்லாமல் வெறும் சோற்றைத் தின்றாலும் பன்றி கொழுக்கும். சோற்றின் உலர்ந்த எடையில் புரதம் நூற்றுக்கு 7, 8 பங்குதான். வளரும் பன்றிக்குத் தேவை 16 முதல் 18 பங்கு. இந்த இடைவெளி முழுவதும் கொழுப்பாக மாறுகிறது.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு கிலோ கறியில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. ஆகவே ஒரு கிலோ கொழுப்பு ஏற ஆகும் தீவனம், ஒரு கிலோ கறி ஏற ஆகும் தீவனத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு. நாம் தீவனத்தை அதிகம் செலவழித்து, விலை குறைந்த பொருளை உற்பத்தி செய்திருக்கிறோம். பிண்ணாக்கில் மிச்சம் பிடித்த பணம் இப்படித்தான் கரைந்தது.

கேம்பிரிட்ஜில் கண்ட உண்மை

முதலில் பட்டினி போட்டு, பிறகு வாரி வழங்கியதும் தவறு என்றார் மருத்துவர். இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியைக் காட்டினார். நியூசிலாந்தைச் சேர்ந்த மெக்மீகன் என்பவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் செய்த சோதனை, 1940-ல் வெளியானது. பன்றிகளைப் பிரித்து, சிலவற்றுக்கு 16 வாரம் வரை நிறையத் தீவனம் கொடுத்துப் பிறகு குறைத்தார். சிலவற்றுக்கு 16 வாரம் வரை குறைத்துக் கொடுத்துப் பிறகு நிறையக் கொடுத்தார். எல்லாவற்றையும் 200 பவுண்டு எடையில், அதாவது சுமார் 90 கிலோவில் அறுத்தார். எடை ஒன்றுதான். ஆனால் முதலில் நிறையத் தின்றவற்றில் கறி அதிகம். முதலில் காய்ந்து பிறகு தின்றவற்றில் கொழுப்பு அதிகம்.

காரணம் இதுதான். எலும்பும் கறியும் இளமையில் வளர்பவை. கொழுப்பு பிந்தி வருவது. கறி வளர வேண்டிய காலத்தில் தீவனம் இல்லாவிட்டால், பிறகு கொட்டிக் கொடுத்தாலும் அது கொழுப்பாகத்தான் போகும். என் மைத்துனர் 80 ஆண்டு கழித்து அதே சோதனையைத் தம் செலவில் செய்து பார்த்திருக்கிறார்!

கொழுப்பை உயிரோடு இருக்கும்போதே அளக்க முடியுமா என்று கேட்டேன். 1952-ல் அமெரிக்காவில் ஹேசல், கிளைன் என்ற இருவர் பன்றியின் முதுகுத் தோலைச் சிறிது கீறி, உலோக ஸ்கேலை உள்ளே செலுத்தி அளந்து, கறியின் தரத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்று நிரூபித்தார்கள். இப்போது கீறல் இல்லாமல், மனிதருக்கு வயிற்றில் ஸ்கேன் எடுப்பதுபோல எடுத்துவிடுகிறார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. நமக்குத் தராசும் தீவனக் கணக்கும்தான் துணை.

கார்டு இல்லாமல் வண்டி கிளம்பாது

புரதம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. புரதம் பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அவற்றில் லைசின் என்பது பன்றித் தீவனத்தில் முதலில் பற்றாக்குறை ஆவது. என்ஜின் தயார், டிரைவர் தயார், சிக்னலும் விழுந்துவிட்டது. கார்டு வரவில்லை என்றால் வண்டி கிளம்புமா? லைசின் குறைந்தால் மற்ற புரதம் இருந்தும் வீண். அதுவும் சிறுநீரில்தான் போகும்.

மக்காச்சோளத்தில் லைசின் மிகக் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 பங்குக்கு மேல் இருந்தாலும் லைசின் ஒன்றரைப் பங்கு அளவுதான். சோயாப் பிண்ணாக்கில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. நல்ல மீன் தூளில் இன்னும் அதிகம். ஆகவே கடலைப் பிண்ணாக்கை மட்டும் நம்பாமல் சோயாவையும் சேர்ப்பது நல்லது. சோயா மொச்சையைப் பச்சையாகப் போடக் கூடாது. ஜீரணத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. பக்குவப்பட்ட பிண்ணாக்குத்தான் சரி. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு விஷம். மீன் தூளைக் கடைசி மாதங்களில் நிறுத்திவிட வேண்டும்; இல்லையேல் கறியில் மீன் வாடை அடிக்கும்.

லைசின் தனியாகவும் பொடியாகக் கிடைக்கிறது. 1950-களின் இறுதியில் ஜப்பானில் நுண்ணுயிரைக் கொண்டு இதைத் தயாரிக்கும் முறை வந்தது. ஒரு டன் தீவனத்தில் ஒன்றரைக் கிலோ லைசின் பொடி போட்டால் சுமார் 50 கிலோ சோயாப் பிண்ணாக்கைக் குறைத்து, அந்த இடத்தில் மக்காச்சோளம் போடலாம் என்பது தீவனக்காரர்களின் கணக்கு. பத்துப் பன்றி வைத்திருப்பவர் கையால் கலந்தால் சரியாகப் பரவாது. அவருக்குப் பிண்ணாக்கே போதும்.

அதற்காகப் புரதத்தை அளவு மீறிப் போட்டால் கறி மேலும் மேலும் ஏறுமா? ஏறாது. தேவைக்கு மேற்பட்ட புரதம் கழிவாகப் போய்விடும். காசுதான் வீண்.

கொழுகொழுப்பும் இளகலும்

கொழுப்பின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியம். மாடு தின்னும் எண்ணெயை அதன் இரைப்பை மாற்றிவிடுகிறது. பன்றிக்கு அப்படியில்லை. எந்த எண்ணெய் உள்ளே போகிறதோ, பெரும்பாலும் அதே தன்மையில் உடம்பில் படிகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலக்கடலை வயலில் மேய்ந்த பன்றிகளின் கறி கொழகொழவென்று இருக்கிறது என்று வியாபாரிகள் விலை குறைத்தார்கள். 1920-களில் அந்நாட்டு அரசின் விவசாய இலாகா இதை ஆராய்ந்து, கடலையின் எண்ணெய்தான் காரணம் என்று உறுதி செய்தது.

நம் பக்கம் ஓட்டலின் பொரித்த எண்ணெய் அதே வேலையைச் செய்கிறது. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடும் அப்படியே. சோறு, நொய், கேழ்வரகு போன்ற மாவுப் பொருளிலிருந்து பன்றி தானே உண்டாக்கும் கொழுப்பு கெட்டியாக இருக்கும். கடைசி இரண்டு மாதம் எண்ணெய்க் கசடை நிறுத்தினால் கொழுப்பு ஓரளவு இறுகும்.

கொழுப்பே கூடாது என்பதல்ல. குடகு நாட்டில் கொடவர்கள் சமைக்கும் பன்றிக் கறியில் தோலும் கொழுப்பும் கறியும் அடுக்கடுக்காக இருந்தால்தான் ருசி. புரதத்தைச் சற்றுக் குறைத்து வளர்த்தால் கறிக்குள்ளேயே இழை இழையாகக் கொழுப்பு ஓடி, கறி மென்மையாகும் என்றும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் முதுகிலும் சேர்ந்தே ஏறும், வளர்ச்சியும் மந்தமாகும். தனி விலை கொடுத்து வாங்க ஆள் உள்ளவர்களுக்குத்தான் அது கட்டும்.

பொடி விற்பவர்களிடம் ஜாக்கிரதை

முதல் ஈட்டில் நஷ்டப்பட்டதும், ஒருவர் கொட்டகைக்கே வந்து ஒரு பொடியைக் காட்டினாராம். "பதினைந்தே நாளில் கொழுப்புக் கரைந்து கறியாகிவிடும்." பொட்டலத்தில் பெயர் இல்லை, தயாரித்தவர் விலாசம் இல்லை. மைத்துனர் வாங்க இருந்தார், நான்தான் தடுத்தேன்.

இப்படிப்பட்ட மருந்துகள் உலகில் இல்லாமல் இல்லை. ராக்டோபமைன் என்ற மருந்துக்கு அமெரிக்கா 1999-ல் அனுமதி தந்தது. அது கொழுப்பைக் குறைத்துக் கறியைக் கூட்டுவது உண்மை. ஐரோப்பிய நாடுகளும் சீனாவும் அதைத் தடை செய்துள்ளன. 2012-ல் சர்வதேச உணவுத் தரக் குழுவில் அதன் அளவு பற்றி ஓட்டெடுப்பு நடந்தபோது 69 ஓட்டு ஆதரவு, 67 ஓட்டு எதிர்ப்பு. அவ்வளவு கடும் தகராறு. கிளன்புட்டரால் என்ற இன்னொரு மருந்து, கறி தின்ற மனிதருக்கே படபடப்பும் நடுக்கமும் உண்டாக்கக்கூடியது. 2011-ல் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் அதைப் பன்றிக்குக் கொடுத்தது வெளியாகி நாடே அமளிப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ராக்டோபமைன்கூடத் தீவனத்தில் போதிய புரதமும் லைசினும் இருந்தால்தான் வேலை செய்யும். செங்கல் இல்லாமல் கொத்தனாரை விரட்டி என்ன பயன்? பிண்ணாக்கு வாங்கக் காசில்லாதவன் பொடிக்குக் கொடுக்கும் காசு தண்டம். குரோமியம், பீட்டைன் என்று விற்கப்படும் துணைச் சரக்குகளும் ஒரு சோதனையில் பலன், மறு சோதனையில் பலனில்லை என்ற நிலைதான். நமக்கு அவசியமான துணைச் சரக்கு தாது உப்புக் கலவை ஒன்றே. துத்தநாகம் போன்றவை குறைந்தால் தோல் தடித்து வெடிக்கும், வளர்ச்சி நிற்கும்.

இரண்டாவது ஈடு

மருத்துவர் சொன்ன கணக்கை ஒரு ரயில்வே பாரத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தோம். 40 கிலோ பன்றிக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் புரதம் வேண்டும். 4 கிலோ ஓட்டல் சாப்பாட்டில் தண்ணீர் போக ஒரு கிலோதான் உலர் பொருள். அதில் புரதம் 100 கிராம். கோதுமைத் தவிடு 300 கிராமில் 45. மீதிக்குச் சோயாப் பிண்ணாக்கு 350 கிராம். அதில் 157 கிராம். கூட்டினால் 302. கணக்கு நேராகிறது. தாது உப்பு 40 கிராம். ஓட்டல் சாப்பாட்டில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் தனி உப்பு வேண்டாம். குடிதண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

ஓட்டல் சாப்பாடு கிடைக்காதவர்களுக்கு 100 கிலோ கலப்புத் தீவனக் கணக்கு: வளரும் பருவத்தில் மக்காச்சோளம் 52 கிலோ, கோதுமைத் தவிடு 22, சோயாப் பிண்ணாக்கு 18, கடலைப் பிண்ணாக்கு 5, தாது உப்பு இரண்டரை, சாதா உப்பு அரை. புரதம் ஏறக்குறைய 18 பங்கு. 50 கிலோ எடை தாண்டியதும் மக்காச்சோளம் 60, தவிடு 24, சோயா 10, கடலை 3 என்று மாற்றலாம். உப்புக்கள் அதே அளவு. புரதம் 15 பங்குக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். வயது ஏற ஏறத் தேவை குறைவதால், கடைசி வரை விலை உயர்ந்த தீவனம் போட வேண்டியதில்லை. செலவு செய்ய வேண்டிய காலம் முதல் நாலைந்து மாதம்.

ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே ஊற்ற வேண்டும். 2020-ல் அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் முதன்முதலாக இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், மிச்சத்தில் கலந்த பன்றிக் கறித் துணுக்கு வழியாகவும் பரவும். மனிதருக்கு அது வராது. ஆனால் கொட்டகையே காலியாகிவிடும்.

இரண்டாவது ஈட்டில் எட்டுக் குட்டிகள். இம்முறை முதல் நாளிலிருந்தே பிண்ணாக்கு. கடனுக்குப் பிண்ணாக்கு கொடுத்த கடைக்காரருக்கு நான் வாய் வார்த்தையாக ஜாமீன். எட்டாவது மாதத்தில் 90 கிலோ வந்ததும், "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் மாமா, எடை ஏறும்" என்றார் மைத்துனர். அந்த ஆசைதான் கூடாது. அதற்கு மேல் ஏறுவதில் பெரும்பங்கு கொழுப்பு. உடனே விற்கச் சொன்னேன்.

அதே கறிக்கடைக்காரர் வந்தார். அதே பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு நானும் போனேன். இரண்டரை சென்டிமீட்டர். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. எட்டுக்கும் முழு விலை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஈடு எப்போது என்று கேட்டார். தீவனச் செலவு முன்னைவிட அதிகம்தான். ஆனால் மூன்று மாதம் முன்னதாகப் பணம் கைக்கு வந்தது. பிண்ணாக்குக் கடனைக் கட்டியும் மிஞ்சிற்று.

தொழில் தொடங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டறியலாம். குட்டி வாங்க வைத்திருக்கும் பணத்தில் பிண்ணாக்குக்கு என்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். பணம் போதாவிட்டால் பத்துக் குட்டிக்குப் பதில் ஆறு குட்டி வாங்குங்கள்.

என் சம்பளச் சீட்டில் பிடித்தம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சென்ற மூன்று மாதமாக அந்தத் தொகையை மைத்துனர் முதல் வாரத்திலேயே என் வீட்டில் கொண்டு வந்து கொடுத்துவிடுகிறார்.